கியோத்தோவின் சூன்யமும் சயாமின் தண்டவாளமும்

ஜப்பானியக் கவிதை தமிழுக்குள் வந்தது யார் மூலம் என்று கேட்டால், நம் சிறுபத்திரிகைக்காரர்கள் தயங்காமல் பாரதி என்பார்கள். சரிதான். 1916 அக்டோபரில் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் பாரதி எழுதிய சின்னக் கட்டுரைதான் ஹொக்குவைத் தமிழனுக்குச் சொன்னது. அதற்கு அவர் கையில் கிடைத்த ஆதாரம் கல்கத்தா ‘மாடர்ன் ரிவ்யூ’வில் வந்த யோனே நோகுச்சியின் எழுத்து. கவிதையில் சொல் சிக்கனம் பற்றி நோகுச்சி சொன்னது பாரதிக்குப் பிடித்துப் போயிற்று. ஹைக்கூத் தொகுப்புகளின் முன்னுரைகளில் இந்தத் தகவல் வழக்கமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த முன்னுரைகளில் வராத தகவல் ஒன்று உண்டு. இதே நோகுச்சி 1938 ஜூலையில் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கிங் படுகொலை நடந்து அப்போது ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சீனாவில் ஜப்பான் நடத்தும் யுத்தம் ஆசியாவை ஆசியாவுக்கே மீட்டுத் தருகிற யுத்தம், புது உலகம் ஒன்றைப் படைக்க இதைத் தவிர வழியில்லை என்று வாதாடினார். தாகூர் செப்டம்பரில் பதில் எழுதினார். மண்டையோடுகளை அடுக்கி அதன்மேல் எழுப்பப் பார்க்கிற ஆசியா இது என்றார். அடுத்த கடிதத்தில், ஜப்பானிய மக்கள்மீது தமக்குள்ள பிரியத்தினாலேயே அவர்களுக்கு ஜயத்தை அல்ல, பச்சாதாபத்தையே வேண்டுவதாகச் சொல்லி முடித்தார்.

இந்த இரண்டு நோகுச்சிகளில் ஒருவரை எடுத்துக்கொண்டு மற்றவரைக் கழித்துவிட்டோம். ஜப்பான் பற்றித் தமிழில் உள்ள அறிவின் லக்ஷணமே இதுதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் பத்திரிகைகள் ஜென் கதைகளை மொழிபெயர்த்தன. மூன்று வரிக் கவிதைகள் மழைக்காலத்து ஈசல் மாதிரிக் கிளம்பின. டி.டி. ஸுஸுகியின் பெயரை உச்சரித்தாலே ஆழம் கைவந்துவிட்டதாக ஒரு பாவனை. அந்த ஸுஸுகி 1938-இல் வெளியிட்ட நூலில் ஜென்னையும் வாள்வித்தையையும் சாமுராயின் சாவையும் ஒன்றோடொன்று பின்னி வைத்திருக்கிறார் என்பதோ, ஜென் மடங்கள் யுத்தத்துக்குச் செய்த ஊழியத்தைப் பிரையன் விக்டோரியா 1997-இல் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார் என்பதோ இந்தப் பாவனையைக் கலைக்கவில்லை.

நான் சொல்ல வருவது ஜென் வேண்டாம், ஜப்பான் வேண்டாம் என்பதல்ல. மேற்கை எதிர்க்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சிந்தனைக்கு விடுதலைச் சிந்தனை என்று பட்டம் சூட்டுகிற பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு ஜப்பான் ஒரு விலை கொடுத்தது. ஆசியா அதைவிடப் பெரிய விலை கொடுத்தது. அந்த விலையில் ஒரு பங்கைத் தமிழன், அதிலும் எங்கள் ஜில்லாக் கூலித் தமிழன், தன் உடம்பால் கட்டினான். இந்தக் கணக்கைத் தமிழ் விமர்சனம் இன்னும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் ‘கீழைச் சிந்தனை’ என்று பேசுவது சவத்தைத் தாண்டிக்கொண்டு விருந்துக்குப் போகிற காரியம்.

முதலில் தத்துவம். கியோத்தோ சர்வகலாசாலையில் நிஷிதா கிதாரோவைச் சுற்றி உருவான சிந்தனைக் குழுவைத்தான் கியோத்தோ பள்ளி என்கிறார்கள். நிஷிதா சாமான்யர் அல்லர். 1911-இல் வந்த அவருடைய முதல் நூல் நன்மையைப் பற்றிய ஆராய்ச்சி. அறிபவன், அறியப்படுவது என்ற பிளவுக்கு முந்திய அனுபவத்தை அதில் தேடினார். பின்னால் அவர் வந்தடைந்த இடம் பரிபூர்ண சூன்யம்: எல்லாப் பொருள்களும் நிகழ்வதற்கு இடம் கொடுக்கிற, தான் ஒரு பொருளாக இல்லாத வெளி. ஐரோப்பியத் தத்துவத்தின் பாஷையைக் கற்றுக்கொண்டு, பௌத்த மரபின் அனுபவத்தை அந்தப் பாஷையில் பேசவைக்க முயன்ற பெரிய முயற்சி அது. அடிமைப்பட்ட தேசத்தில் நாம் ஆசைப்பட்டும் செய்ய முடியாமல் போன காரியம். அதனால்தான் நமக்கு அங்கே ஒரு மயக்கம்.

மயக்கம் தெளிய, அந்தச் சூன்யம் அரசியல் பேசத் தொடங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும். 1940-இல் வந்த ஜப்பானியப் பண்பாடு பற்றிய நூலில், ஜப்பான் மற்ற நாடுகளை அடக்கியாளும் சக்தியாகிவிடக் கூடாது, அது ஏகாதிபத்தியம் என்று நிஷிதா எச்சரிக்கவே செய்கிறார். ஆனால் அதே நூலில், ஜப்பானிய சரித்திரத்தின் மையத்தில், மாறுகிறவற்றுக்கெல்லாம் மாறாத இடமாக, சக்கரவர்த்தி வம்சத்தைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறார். எந்தப் பொருளாலும் நிரம்பாத இடம் என்று சொல்லப்பட்ட சூன்யத்துக்கு ஒரு குடும்பம், ஒரு அரண்மனை, ஒரு விலாசம் கிடைத்துவிட்டது. 1943-இல் அரசாங்கத்தோடும் ராணுவத்தோடும் தொடர்புடைய குழு ஒன்று கேட்டுக்கொள்ள, புதிய உலக ஒழுங்கின் தத்துவம் பற்றி எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு தேசமும் தன்னைக் கடந்து தன் பிராந்திய உலகத்தைச் சமைக்க வேண்டும், கிழக்காசிய உலகத்துக்கு ஜப்பான் தலைமை தாங்க வேண்டும் என்பது அதன் சாரம்.

சீடர்கள் இன்னும் தெளிவாகப் பேசினார்கள். நிஷிதானி கெய்ஜி, கோயாமா இவாவோ, கோசாகா மஸாகி, ஸுஸுகி ஷிகெதாகா என்ற நால்வர் 1941 நவம்பர் 26 அன்று கூடி உட்கார்ந்து உலக சரித்திரத்தில் ஜப்பானின் இடம் பற்றி உரையாடினார்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். 1942 ஜனவரி ‘சூவோ கோரோன்’ இதழில் அது அச்சாயிற்று. மேலும் இரண்டு உரையாடல்கள் நடந்து, மூன்றும் சேர்ந்து 1943-இல் புத்தகமாயின. அவர்கள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். ஐரோப்பா தன் உலகத்தையே முழு உலகம் என்று எண்ணிக்கொண்டது. அது பல உலகங்களில் ஒன்று மட்டுமே. ஐரோப்பிய சரித்திரமே மனித சரித்திரம் என்ற எண்ணம் இப்போது உடைகிறது. இனி உலகங்கள் பன்மையில்.

வாசகர் இந்த இடத்தில் தலையாட்டியிருப்பார். தலையாட்ட வேண்டிய வாசகங்கள்தாம். எண்பதுகளிலிருந்து தமிழில் அமைப்பியலும் அதன் பின்னால் வந்தவைகளும் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஏறக்குறைய இதுதான். ஐரோப்பா மையம் அல்ல. மரபு நமக்கு மாற்று. நவீனம் என்பது வெள்ளைக்காரனின் கதை. ஆனால் நால்வரும் அங்கே நிற்கவில்லை. பன்மையான உலகங்களில் ஒவ்வொன்றையும் நடத்திச் செல்ல ஒழுக்க வீரியம் கொண்ட ஒரு தேசம் வேண்டும் என்றார்கள். அந்த வார்த்தையை ஜெர்மானிய சரித்திராசிரியர் ராங்கேயிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிழக்காசியாவில் அந்த வீரியம் உள்ள தேசம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. சீனாவில் நடப்பது ஆக்கிரமிப்பாகத் தோன்றினால் அது சீனர்கள் ஜப்பானின் உலக சரித்திரப் பணியைப் புரிந்துகொள்ளாததால் வந்த வினை. உலகங்களைப் பன்மையாக்கியவர்கள் தங்கள் உலகத்துக்குள் மட்டும் ஒருமையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இது தத்துவப் பேராசிரியர்களின் கதை, நாம் இலக்கியக்காரர்கள் என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1942 ஜூலை 23, 24 தேதிகளில் ‘நவீனத்தைக் கடத்தல்’ என்ற தலைப்பில் ஒரு கூட்டம் நடந்தது. கூட்டியது ராணுவ மந்திரி சபை அல்ல. ‘புங்காகுகாய்’ என்ற இலக்கியப் பத்திரிகை. 1933-இல் எழுத்தாளர் குழு ஒன்று தனக்காக ஆரம்பித்த பத்திரிகை அது. அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களில் கோபயாஷி ஹிதெயோ இருந்தார். ஜப்பானில் நவீன விமர்சனத்தைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லப்படுபவர். கவி மியோஷி தத்ஸுஜி இருந்தார். மார்க்ஸீயத்திலிருந்து தேசியத்துக்குத் தாவிய நாவலாசிரியர் ஹயாஷி ஃபுஸாவோ இருந்தார். நிஷிதானியும் இருந்தார். ஒருமித்த முடிவு ஒன்றும் எட்டப்படவில்லை. சிலர் சந்தேகங்களையும் சொன்னார்கள். ஆனால் கூட்டம் கூடிய நேரமும் அதன் தலைப்பும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. சிங்கப்பூர் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. யுத்தத்துக்கு ஓர் ஆத்மா தேவைப்பட்டது. இலக்கியம் அதைத் தேடித் தரப் புறப்பட்டது.

ஏன் புறப்பட்டது என்பதற்குத் தாகெயுச்சி யோஷிமி நல்ல சாட்சி. சீன இலக்கியத்தில் தோய்ந்தவர், லூ ஷுன் பற்றி ஜப்பானில் ஆழமாக எழுதியவர். சீனாவின்மேல் தம் நாடு நடத்திய யுத்தம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. 1941 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் யுத்தம் அறிவிக்கப்பட்டதும் அந்த உறுத்தல் நீங்கியது. தாம் நடத்திய சிறுபத்திரிகையின் 1942 ஜனவரி இதழில் யுத்தத்தை வரவேற்றுப் பிரகடனம் எழுதினார். எளியவனை அடிக்கிறோம் என்ற வெட்கம், வலியவனோடும் மோதத் தொடங்கியவுடன் போய்விட்டது. சீனாவில் விழுந்த பிணங்கள் எழுந்து உட்காரவில்லை. ஆனால் மேற்கு எதிரியாக வந்து நின்ற க்ஷணத்தில் அந்தப் பிணங்களுக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிட்டது. 1959-இல் தாகெயுச்சியே இந்த விஷயத்துக்குத் திரும்பி வந்து, அந்த யுத்தம் ஏகாதிபத்திய எதிர்ப்பாகவும் ஏகாதிபத்திய ஆக்கிரமிப்பாகவும் ஒரே சமயத்தில் இருந்தது என்று பிரித்துப் பார்த்தார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் என் வாதத்தின் மையமும் அவர் அன்று அடைந்த அந்த நிம்மதிதான். மேற்கு எதிர்ப்பு ஒரு பாவ மன்னிப்புச் சீட்டாக அங்கே வேலை செய்தது.

இனித் தண்டவாளத்துக்கு வருவோம். இலக்கியக்காரர்கள் நவீனத்தைக் கடக்கக் கூடியதற்கு முந்தின மாதம், 1942 ஜூனில், சயாமையும் பர்மாவையும் இணைக்கிற ரயில்பாதையின் வேலை தொடங்கியது. நோங் ப்லாடுக்கிலிருந்து தான்பியூஸாயாத் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் ஆறும். 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சந்தித்தன. யுத்தக் கைதிகள் 60,000க்கு மேல்; அவர்களில் செத்தவர்கள் 12,000க்கு மேல். இவர்களைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது, சினிமா இருக்கிறது. காஞ்சனபுரியில் சுமார் 7,000 பேருக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசை இருக்கிறது. ஆசியக் கூலிகள் 1,80,000க்கு மேல் என்கிறார்கள். செத்தவர்களை 80,000 என்பாரும் உண்டு, ஒரு லட்சத்துக்கு மேல் என்பாரும் உண்டு. இருபதாயிரம் உயிர் கூடினாலும் குறைந்தாலும் தெரியாத கணக்கு இது. மலேயாவிலிருந்து மட்டும் சுமார் 70,000 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல கூலி, கொஞ்ச காலத்து வேலை என்று ஆசை காட்டிச் சிலரை ஏற்றினார்கள். பலரை அதுவும் இல்லாமல் லாரியில் ஏற்றினார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா புகுந்தது. வெள்ளைக் கைதிகளிடம் டாக்டர்கள் இருந்தார்கள், பட்டியல் வைக்க ராணுவ அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டக்காட்டுத் தமிழனிடம் இரண்டும் இல்லை. அவன் ஆசியாவின் சகோதரன். அவனுக்கு எதற்குப் பட்டியல்?

அவன் எந்த ஊர்க்காரன்? மலேயாவுக்குக் கங்காணி ஆள்கட்டியது திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காட்டு ஜில்லாக்களில். பெரம்பலூரும் உடையார்பாளையமும் அன்று திருச்சி ஜில்லாத் தாலுகாக்கள். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷம் கங்காணி வந்தால் அவன்தான் மழை. கப்பலேறிப் போனவன் கடுதாசி போடவில்லை என்றால் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டான் என்று ஊரார் முடிவு கட்டியிருப்பார்கள். அவன் க்வாய் நதிக்கரையில் மூங்கில் புதரடியில் அழுகிக் கிடந்ததை யார் வந்து சொல்வது? கியோத்தோவில் உலக சரித்திரம் அச்சேறிக்கொண்டிருந்தபோது உலக சரித்திரத்தின் கீழே சட்டமாகப் படுத்திருந்தவன் அவன்.

இப்போது எதிர்வாதம் வரும். எனக்குத் தெரிந்த அதன் பலமான வடிவத்திலேயே எடுத்துக்கொள்கிறேன். நிஷிதாவையும் அவர் சீடர்களையும் அன்றைய தீவிர வலதுசாரிகள் வெறுத்தார்கள். மினோடா முனெகி போன்றவர்கள் தேசத் துரோகிகள் என்றே தாக்கினார்கள். நால்வரும் கடற்படையில் ஒரு பிரிவோடு ரகசியமாகக் கூடி, தரைப்படையின் வெறியைத் தணிக்க வழி பார்த்தார்கள் என்பதற்கு 2001-இல் வெளியான குறிப்புகள் ஆதாரம். ராணுவத்தின் வார்த்தைகளை எடுத்து அவற்றுக்குள் வேறு அர்த்தத்தை ஏற்ற முயன்றார்கள். சொற்களுக்காக நடந்த போராட்டம் அது; அதில் தோற்றார்கள், அவ்வளவுதான். இப்படிப் போகிறது வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘கிழக்காசியக் கூட்டுச் செழிப்பு’ என்ற வார்த்தைக்குள் நல்ல அர்த்தத்தை ஏற்றுகிறவன், அந்த வார்த்தையை இன்னும் கொஞ்சம் நாள் உயிரோடு வைத்திருக்கிறான். சாராயப் பானையில் பாலை ஊற்றினால் பால்தான் கெடும். வலதுசாரிகளின் கூச்சலில் ஜப்பானிய வாலிபன் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பான். நிஷிதாவின், தனபெயின் மொழியில் வந்தபோது சந்தேகப்பட அவனுக்கு வழியில்லை. தனபெ ஹஜிமே 1943 மே மாதம் கியோத்தோ மாணவர்கள் முன்னால் சாவும் வாழ்வும் பற்றிப் பேசினார். தேசத்துக்காக உயிர் கொடுப்பதில் தெய்வீகம் சித்திக்கிறது என்பது அந்தப் பேச்சின் போக்கு. அந்த வருஷக் கடைசியில் சர்வகலாசாலை மாணவர்களைப் படைக்கு இழுத்தார்கள். அந்த மாணவர்களை மூர்க்கர்கள் அனுப்பவில்லை, ஆசிரியர் அனுப்பினார். தனபெ பிற்பாடு மனம் நொந்து 1946-இல் பச்சாதாபத்தையே ஒரு தத்துவமாக எழுதினார். பெரிய புத்தகம். அந்தப் பச்சாதாபம் பரத்தை நோக்கிக் கை கூப்புகிறது. நான்கிங்கை நோக்கியோ காஞ்சனபுரியை நோக்கியோ அல்ல.

வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது. அதே கியோத்தோவில் படித்த தோஸாகா ஜுன் 1935-இல் ஜப்பானிய சித்தாந்தத்தைப் பிய்த்துப் போட்டு ஒரு நூல் எழுதினார். பண்பாடு, ஆன்மா, மண்ணின் மரபு என்று பேசுகிற பேச்சு எப்படி யதார்த்தமான கேள்விகளை மழுப்பி பாசிசத்துக்குப் பாய் விரிக்கிறது என்று காட்டினார். உத்தியோகம் போயிற்று, பேனாவைப் பிடுங்கினார்கள், சிறையில் போட்டார்கள். 1945 ஆகஸ்ட் 9 அன்று, நாகசாகியில் குண்டு விழுந்த அதே நாளில், நாகனோ சிறையில் செத்தார். மிகி கியோஷி இன்னும் சிக்கலான மனிதர். நிஷிதாவின் மாணவர். முப்பதுகளின் கடைசியில் அரசாங்கத்துக்கு நெருக்கமான ஆய்வுக் குழுவில் சேர்ந்து, உள்ளே இருந்தே திருத்தலாம் என்று நம்பி, கிழக்காசியக் கூட்டுறவுக்குத் தத்துவம் எழுதிக் கொடுத்தவர். போலீஸ் தேடிய நண்பர் ஒருவருக்கு உதவியதற்காக 1945-இல் பிடிபட்டு, செப்டம்பர் 26 அன்று சிறையில் செத்தார். ஜப்பான் சரணடைந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அவரைத் திறந்துவிட யாருக்கும் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்தவனையும் எதிர்த்து எழுதியவனையும் ஒரே சிறை தின்றது. வித்தியாசம், பின்னால் படிக்கிற நமக்கு எவன் எழுத்து உதவும் என்பதில்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946 மேயில், மாருயாமா மஸாவோ எழுதிய கட்டுரையையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். ஜப்பானிய அதிதேசியத்தின் தர்க்கத்தையும் மனோபாவத்தையும் ஆராய்ந்த கட்டுரை. அவர் கண்டது இரண்டு விஷயம். ஒன்று, பெறுமானங்கள் எல்லாம் சக்கரவர்த்தி என்ற மையத்திலிருந்து ஊற்றெடுப்பதால், யாருக்கும் தன் மனசாட்சி என்று ஒரு தனி இடம் இல்லை. அதனால் யாருக்கும் பொறுப்பும் இல்லை. மற்றது, மேலிருந்து வாங்கிய அடியைக் கீழே இறக்கி வைக்கும் ஏற்பாடு. தளபதி அதிகாரியை, அதிகாரி சிப்பாயை, சிப்பாய் தனக்குக் கீழே உள்ளவனை. சயாம் பாதையில் இந்த ஏணியின் கடைசிப் படிகளைப் பார்க்கலாம். ஜப்பானியச் சிப்பாயிடம் அறை வாங்கிய கொரியக் காவல்காரன். அவனிடம் அறை வாங்கிய கைதி. எல்லோருக்கும் அடியில் கூலித் தமிழன். தோட்டத்தில் அவன் பெயரை எழுதிக் கொடுத்தவர்களில் கிராணியும் கங்காணியும் உண்டு. தமிழ் பேசியவர்கள்தாம்.

இந்த ஏணி நமக்குப் புதிதா? மேல்சாதி தன்னை அடிப்பதைப் பற்றிக் கண்ணீரோடு கவிதை எழுதிக்கொண்டே, சேரிக்குள் நுழையும்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறவனை நமக்குத் தெரியாதா? வெள்ளைக்காரன் நம்மை அவமானப்படுத்தினான் என்பது நூற்றுக்கு நூறு நிஜம். அந்த நிஜத்தைக் கேடயமாக்கி, நாம் அவமானப்படுத்தியவர்களை மறைக்கிறோம். கியோத்தோ பள்ளியின் பிழை ஜப்பானியப் பிழை மட்டும் அல்ல என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். மேலே பார்த்துக் கேட்கிற கேள்வியைக் கீழே பார்த்தும் கேட்காத எந்தத் தத்துவமும் இந்தப் பள்ளத்தில்தான் விழும்.

இந்தியா தன் பங்குக்கு வேறு விதமாகக் கண்ணை மூடிக்கொண்டது. ஆசியா முழுவதும் ஒன்றே என்ற அறிவிப்போடு தொடங்கும் ஒகாகுராவின் நூல் 1903-இல் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் நிவேதிதை. 1905-இல் ருஷ்யாவை ஜப்பான் ஜயித்ததை நம் தேசியவாதிகள் தங்கள் ஜயமாகக் கொண்டாடினார்கள். அதில் குற்றமில்லை, அந்த நாளின் சந்தோஷம் அது. பிறகு சுபாஷ். இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டக்காட்டுத் தமிழர்கள், பெண்கள் உட்பட, சேர்ந்தது நம் சரித்திரத்தின் பெரிய அத்தியாயம். ரயிலுக்குப் பிடித்துப் போவதிலிருந்து தப்பிக்கவும் அதில் சேர்ந்தவர்கள் உண்டு. 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் சுபாஷ் கொடியேற்றினார். சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, அதே அந்தமானில் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள் உட்பட 44 இந்தியர்களை ஜப்பானியர்கள் ஒற்றர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். முதல் தேதி பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவது தேதி யாருக்குத் தெரியும்? தோக்கியோ விசாரணையில் ராதாவினோத் பால் எழுதிய மாற்றுத் தீர்ப்பைப் பற்றியும் நமக்குப் பெருமை உண்டு. ஜப்பானியக் கொடுமைகள் நடக்கவில்லை என்று பால் சொல்லவே இல்லை. ஜயித்தவன் தோற்றவனுக்கு நீதிபதியாவதைத்தான் எதிர்த்தார். ஆனால் 2005-இல் யாஸுகுனி கோவில் அவருக்குச் சின்னம் எழுப்பியது, அந்த நுணுக்கத்தைப் பாராட்டுவதற்காக அல்ல.

இதை ரஞ்சன்குடியிலிருந்து எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. இங்கே ரோட்டோரத்தில் நிற்கிற கோட்டையைச் சுற்றி 1751-இல் ஒரு யுத்தம் நடந்தது. ஒரு பக்கம் முகமது அலி, அவன் பின்னால் இங்கிலீஷ்காரன். மறுபக்கம் சந்தா சாகிப், அவன் பின்னால் பிரெஞ்சுக்காரன். இருவரும் இங்கே உதவி செய்யத்தான் வந்தார்கள். உதவிக்கு வருகிறவன் எதற்காக வருகிறான் என்று கேட்க இந்தச் சீமைக்குக் கல்லிலேயே பாடம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அதே சீமையில், கிழக்கே போனால் வேறொரு கல் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம். 1025-இல் கடாரம் வரை படை அனுப்பிய ராஜேந்திரனின் தலைநகரம். 2025 ஜூலையில் அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டைப் பிரதமர் முதல் எல்லோரும் அங்கே வந்து கொண்டாடினார்கள்.

கோவிலின் அழகைப் பற்றி எனக்குத் தகராறில்லை. ஒரு படையெடுப்பைப் பண்பாட்டுப் பரவல் என்று பெயர் மாற்றிச் சொல்கிற பாஷையோடுதான் தகராறு. 1926-இல் கல்கத்தாவில் விசால இந்தியா சங்கம் வைத்தவர்கள் தொடங்கிவைத்த பாஷை அது: மற்றவர்கள் கைப்பற்றினார்கள், நாம் கலை கொண்டுபோனோம், மற்றவர்கள் அடிமை கொண்டார்கள், நாம் தர்மம் கொடுத்தோம். கடாரத்தவனைக் கேட்டுப் பார்த்தோமா? கியோத்தோக்காரர்களும் சீனாவைக் கேட்கவில்லை. ஒழுக்க வீரியம் என்ற அவர்கள் வார்த்தைக்குப் பதில் வீரம் என்று போட்டுக்கொள்ளுங்கள், தமிழ் மேடை தயார். இதில் கசப்பான வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா. அங்கேயுள்ள தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழர்களையும்தான் ஜப்பானியர்கள் ரயிலுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். கடாரம் கொண்ட கதையைச் சொல்லக் கல்வெட்டு இருக்கிறது. கடாரத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவனுக்கு ஒரு வரி இல்லை.

ஒரு வரியும் இல்லை என்று சொல்வது தவறு. ப. சிங்காரம் எழுதினார். பத்து வருஷம்போலப் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து 1972-இல் வந்தது ‘புயலிலே ஒரு தோணி’. ஜப்பானிய ஆட்சிக் காலத்து மெடானும் பினாங்கும் அதில் இருக்கின்றன. தமிழ்ப் பெருமைப் பேச்சைத் தமிழ்ப் பாத்திரங்களே கிழித்துப் போடுகிற துணிச்சல் இருக்கிறது. அந்த நாவலை அன்றைய விமர்சன உலகம் சரியாக எதிர்கொள்ளவில்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். தத்துவம் செய்யாத வேலையை நாவல் செய்தது. அவைகளை ‘புலம்பெயர் இலக்கியம்’ என்று ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, இந்தப் பக்கம் நாம் சூன்யத்தைப் பற்றிக் கட்டுரை படித்துக்கொண்டிருக்கிறோம்.

நிஷிதாவைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படியுங்கள். நிஷிதானியையும் படியுங்கள், யுத்தம் முடிந்தபின் பதவியிலிருந்து விலக்கப்பட்டுத் திரும்பி வந்து, 1961-இல் மதமும் சூன்யமும் பற்றி அவர் எழுதிய நூல் உலகத் தத்துவத்தில் இடம் பெற்றதுதான். ஆனால் அவரை மேற்கோள் காட்டுகிறவன் 1942-ஐயும் சேர்த்துக் காட்ட வேண்டும். ‘மேற்கத்திய நவீனத்துக்கு மாற்று’ என்று ஒருவன் எழுந்து பேசினால் உடனே கைதட்டாமல், உன் மாற்றில் கூலிக்காரனுக்கு இடம் எங்கே, பக்கத்து நாட்டுக்காரன் வேண்டாம் என்று சொன்னால் நீ என்ன செய்வாய், உன் சூன்யத்தில் யார் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அது தத்துவம் அல்ல, ஆள்கட்டு.

செய்ய வேண்டிய காரியமும் இருக்கிறது. அடுத்த ஜென் கதைத் தொகுப்புக்கு முன்னால் தோஸாகாவின் 1935 நூல் தமிழில் வரட்டும். மாருயாமாவின் அந்தக் கட்டுரை வரட்டும்; ஒரு சிறுபத்திரிகை இதழ் தாங்கக்கூடிய காரியம். அதோடு, இந்தத் தாலுகாக்களின் கிராமங்களில் ‘மலேயாவுக்குப் போனவர் வரவில்லை’ என்று சொல்கிற வீடுகள் இருந்தால் அந்தப் பெயர்களை எழுதி வாங்க வேண்டும். சொன்னவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. நோட்டும் பேனாவும் போதும். அதற்கு எந்தத் தத்துவமும் தேவையில்லை.